காங்கேசன்துறையில் மறுபடி சுண்ணக்கல் வெட்டலாமா?

பனங்கூடல்:
1950இல் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1990இல் போரால் நின்றுபோனது. கல் காலடியிலேயே கிடந்தது, களிமண் முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது, துறைமுகமும் பக்கத்தில். இன்று சீமெந்துக்கும், அரைத்துச் சீமெந்தாக்குகிற சுட்ட கட்டியான கிளிங்கருக்கும் டொலர் கொடுக்கிறோம். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு பழைய படிகப் பாறை. சீமெந்துக்குத் தோதான பெரிய சுண்ணக்கல் படிவு புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரையான கரையோரத்தில்தான் இருக்கிறது. அதைச் சும்மா போட்டுவிட்டு, வேலையில்லை என்று பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். ஆலையை மறுபடி திறக்க வேண்டும்.

கிணற்றடி:
அண்ணை, நீங்கள் சொன்ன அந்தப் படிகப் பாறையையே எடுத்துக்கொள்வோம். அதில் தண்ணீர் வெடிப்புகளில் மட்டும்தான் தங்கும். அதனால்தான் வன்னியிலும் அநுராதபுரத்திலும் குளம் கட்டினார்கள். எங்கள் யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை, வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். எங்கள் குளம் இந்தச் சுண்ணக்கல்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை இதன் துவாரங்களில் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே கொஞ்சம் குறைந்தாலும் கீழிருந்து உப்பு பல மடங்கு ஏறிவிடும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர். அதைப் பார்த்த பிறகுமா கல் வெட்டச் சொல்கிறீர்கள்?

பனங்கூடல்:
கல் வெட்டினாலே உப்பு ஏறிவிடும் என்பது அளவுக்கு மீறிய பயம். இன்று கிணறுகளைக் கெடுப்பது தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் நாள் முழுக்க இறைக்கிற மோட்டாரும்தான். அருவக்காட்டில் வெட்டிய கல் ரயிலில் போய் புத்தளம் ஆலை ஓடவில்லையா?

கிணற்றடி:
உரத்தைப் பற்றிச் சொன்னது உண்மை, மறுக்க மாட்டேன். உரத்திலும் மலக்குழியிலும் இருந்து தண்ணீரில் இறங்கும் நைத்திரேற்று இங்கே பெரிய பிரச்சினைதான். ஆனால் மேலேயிருக்கிற மண்ணையும் கல்லையும் அகற்றினால் அந்த அழுக்கு இன்னும் வேகமாகத் தண்ணீரில் சேரும். நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டினால் நிலத்தடி நீர் வெயிலில் திறந்து கிடக்கும். காங்கேசன்துறைக்குப் பக்கத்துக் கீரிமலைக் கேணியில் கடலோரத்திலேயே நன்னீர் ஊறுகிறது. நிலத்தடி ஓட்டம் அந்தப் பக்கமாகத்தான் போகிறது என்பதற்கு வேறு அடையாளம் வேண்டுமா? ஒரு தொன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் சுண்ணக்கல் வேண்டும். குழி எவ்வளவு பெருக்கும் என்று யோசியுங்கள்.

கடலோரம்:
கிளிங்கரைக் கப்பலில் இறக்கி அரைக்கும் ஆலை மட்டும் வைக்கலாமே? திருகோணமலையில் அப்படித்தான் நடக்கிறது. கல்லில் கை வைக்கத் தேவையில்லை.

பனங்கூடல்:
அதில் டொலர் மிச்சமாகாது, வேலையும் கொஞ்சப் பேருக்குத்தான். நீர்மட்டத்துக்கு மேலே மட்டும் வெட்டுவது, வெட்டிய இடத்தை உடனே மண் நிரப்பி மூடுவது என்று சட்டம் போட்டால்?

கிணற்றடி:
பழைய குழிகளை முதலில் மூடிக் காட்டட்டும். அப்புறம் சுற்றியுள்ள கிணறுகளில் மாரியிலும் கோடையிலும் உப்பு எவ்வளவு என்று சில ஆண்டுகள் அளக்கட்டும். அதுவரை ஒரு கல்லும் எடுக்கக் கூடாது.

பனங்கூடல்:
அளக்கட்டும், அதற்கு நானும் சம்மதம். ஆனால் அளவு சாதகமாக வந்தால் நீங்களும் ஏற்க வேண்டும்.