டாக்டரிடம் சொல்லாத இலை

பழைய சிலேட்டு:
இரண்டு வருடம் ஆகியும் அந்த ஒரு பிடிச் சர்க்கரை மனதைவிட்டுப் போகவில்லை. மாமாவுக்குச் சர்க்கரை நோய். கிளிமிப்பிரைடு மாத்திரை உண்டு. யாரோ சொன்னார்கள் என்று சிறுகுறிஞ்சான் இலையும் மெல்லுவார். ஒரு கல்யாண வீட்டில் பந்தி தாமதமானது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் இலையை மென்றபடி உட்கார்ந்திருந்தார். திடீரென்று சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்தது, கை நடுங்கியது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று அத்தை சமையல்கட்டுக்கு ஓடி ஒரு பிடி அள்ளிவந்து வாயில் போட்டார். மாமா துப்பிவிட்டார். "மணலையா வாயில் போடுகிறாய்?" என்று கோபம் வேறு. அந்த இலையை மென்ற நாக்குக்குக் கொஞ்ச நேரம் இனிப்பே தெரியாது என்பது எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை. தண்ணீரில் கரைத்து மிரட்டிக் குடிக்கவைத்த பிறகே தெளிந்தார். ஆஸ்பத்திரியில், "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லை" என்றார் மாமா. மிச்ச இலை சட்டைப்பையில் இருந்தது.

வேப்பம்பூ:
என் அம்மாவும் இப்படித்தான் "இல்லை" என்றார். தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரம், காலையும் மாலையும், மாதக்கணக்கில். ரத்த அழுத்தம் ஏறியது, கால் துவண்டு படி ஏற முடியவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் 2.7, மிகவும் குறைவு. காரணம் தெரியாமல் டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு அம்மா ஒரு அதிமதுரத் துண்டை நீட்டியதை நர்ஸ் பார்த்துவிட்டார். "இது மருந்தா? மிட்டாய் மாதிரிதானே!" என்றார் அம்மா.

கொல்லைக்கீரை:
சிலேட்டு அவர்களே, குற்றம் இலையுடையதா, சாப்பிடாமல் போட்ட மாத்திரையுடையதா? அந்த மாத்திரைக்குப் பட்டினி கிடந்தால் இலை இல்லாமலே சர்க்கரை இறங்கும். 2020-ல் எங்கள் வீட்டில் எல்லோரும் கபசுரக் குடிநீர் குடித்தோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் சேரும் 15 சரக்குகளில் சீந்தில் கொடியும் ஒன்று. அதே சீந்தில் கல்லீரலைக் கெடுத்தது என்று 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். நோயாளிகள் சாப்பிட்டது எந்தக் கொடி என்று சோதித்தீர்களா என ஆயுஷ் அமைச்சகம் திருப்பிக் கேட்டது. நியாயமான கேள்வி. ஆகவே பொடியாக அரைத்து விற்பதை வாங்காதீர்கள். உள்ளே என்ன கலந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. தண்டாக, வேராகப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் அல்ல, நிழலில் உலர்த்துங்கள். கஷாயத்தை அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் அளவு கேளுங்கள். பித்தளைப் பாத்திரம் வேண்டாம்.

வேப்பம்பூ:
அம்மா பொடி வாங்கவில்லை ஐயா, வேராகத்தான் பார்த்துப் பார்த்து வாங்கினார்.

பழைய சிலேட்டு:
நான் இலையைத் திட்டவில்லை. பையில் இலையை வைத்துக்கொண்டு "இல்லை" என்றாரே, அதுதான் உறுத்துகிறது. பொய் சொல்கிற மனிதரும் அல்ல. இப்போதும் மெல்லுகிறார். அத்தை எங்கே போனாலும் கைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது.