ஜோகி ஜெயித்தாரா, இல்லையா?

ஈஸ்ட்ஹாம் குமரன்: இங்கிலாந்தில் ஜோகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன 2016 தீர்ப்புக்கு அப்புறம், கூட்டாளி என்று கொலை வழக்கில் உள்ளே போன எல்லோரும் மேல்முறையீடு செய்தால் வெளியே வந்துவிடலாம் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். பிள்ளையைச் சிறையில் வைத்திருக்கும் ஒரு தாய் இதைப் படித்தால் என்ன ஆகும்? தீர்ப்பை வாங்கிய ஜோகியே அதனால் உடனே வெளியே வரவில்லை. 2011இல் லெஸ்டரில் ஒருவரைக் கத்தியால் குத்திக் கொன்றது அவருடைய கூட்டாளி ஹிர்சி. ஜோகி வாசலில் பாட்டிலோடு நின்று தூண்டிவிட்டார். உச்ச நீதிமன்றம் கொலைத் தண்டனையை ரத்து செய்தது, சரி. மறுவிசாரணையில் மான்ஸ்லாட்டர், அதாவது கொலையைவிடக் குறைந்த மரணக் குற்றம், 12 ஆண்டு.

வழக்காடி: எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாமே? ஆயுள் தண்டனை 12 ஆண்டாகக் குறைந்தது தோல்வியா? கொலைகாரன் என்ற பட்டம் போனது. ஜோகி ஜெயித்தார்.

ஈஸ்ட்ஹாம் குமரன்: வெளியே வந்தாரா?

தேன்மொழி: இருவரும் விஷயத்தை விட்டுவிட்டீர்கள். கூட்டாளி கொல்லக்கூடும் என்று முன்பே தெரிந்திருந்தாலே கொலைக் குற்றம் என்பது 1985இல் சான் விங் சியூ வழக்கில் வந்த விதி. அது தவறான திருப்பம் என்றுதான் 2016இல் சொன்னார்கள். தெரிந்திருந்தது என்பது இப்போது குற்றத்துக்குத் துணைபோகும் எண்ணம் இருந்ததற்கு ஒரு சாட்சி மட்டுமே. பழைய தண்டனைகள் தானாக விழாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

வழக்காடி: தவறான சட்டத்தில் தண்டித்துவிட்டு, தானாக விழாது என்றால் அது நியாயமா அம்மா?

ஈஸ்ட்ஹாம் குமரன்: நியாயமா என்பது வேறு கேள்வி. மேல்முறையீட்டுக் கெடு 28 நாள். அது முடிந்து ஆண்டுகள் கழித்து வருபவர், கணிசமான அநீதி நடந்தது என்று முதலில் காட்ட வேண்டும். அதே ஆண்டு ஜான்சன் வழக்கில் இதைத்தான் சொல்லி மனுக்களைத் தள்ளினார்கள். சட்டம் மாறியது மட்டும் போதாது.

அருள்: நம்ம ஊரில் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே பிரிவு 34 இருந்ததே, இதெல்லாம் எதற்கு? பொது எண்ணம் இருந்தால் எல்லோருக்கும் ஒரே குற்றம். இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 3(5).

தேன்மொழி: பொது எண்ணம் வேறு, முன்பே தெரிந்திருப்பது வேறு அருள்.

வழக்காடி: கிரில்லியை மறந்துவிட்டீர்களா குமரன் சார்? 2005இல் கொலைக் குற்றவாளி. 2018இல் அந்தத் தண்டனை ரத்து. வெளியே வந்தார்!

ஈஸ்ட்ஹாம் குமரன்: 13 ஆண்டு உள்ளே இருந்துவிட்டு, மான்ஸ்லாட்டரை ஒப்புக்கொண்டு வந்தார். திருடப் போன வீட்டில் இன்னொருவர் முஷ்டியால் குத்தியதில் முதியவர் இறந்த வழக்கு அது. ஆயுதமே இல்லை. கத்தி இருந்த வழக்கைக் காட்டுங்கள். ஜோகி வழக்கில் கத்தி இருந்தது, அந்தத் தீர்ப்பால் அவர் உடனே வெளியே வரவில்லை.

வழக்காடி: மறுபடியும் ஜோகியா? போன மாதம் விசா பற்றியும் இப்படித்தான் ஒரே வரியைப் பத்துத் தடவை எழுதினீர்கள். அங்கேயும் பதில் சொல்லவில்லை.

ஈஸ்ட்ஹாம் குமரன்: விசாவை ஏன் இழுக்கிறீர்கள்? சான் விங் சியூ வழக்கு பிறந்த ஹாங்காங்கே 2016இல் ஜோகி தீர்ப்பை ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவும் ஏற்கவில்லை. அவர்களுக்கெல்லாம் சட்டம் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியுமா?

வழக்காடி: ஹாங்காங்கில் யார் மேல்முறையீடு செய்யச் சொன்னது? லண்டனைப் பற்றிப் பேசினால் ஹாங்காங்குக்கு ஓடுகிறீர்கள்.

அருள்: பிரிவு 34க்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஈஸ்ட்ஹாம் குமரன்: அருள் தம்பி, அதற்குத் தனித் திரி போடுங்கள். வழக்காடி, எல்லோரும் வெளியே வரலாம் என்ற அந்த வரியை முதலில் நீக்குங்கள்.

வழக்காடி: நீக்க மாட்டேன். தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.