முதல் எஸ்ஸேக்கு 54 வாங்கியவன் சொல்கிறேன், கேளுங்க

செப்டம்பரில் பிரிட்டனுக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர்களில் பலருக்கு இந்நேரம் முதல் எஸ்ஸே டெட்லைன் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும். ரூம், பேங்க் அக்கவுண்ட், பார்ட் டைம் வேலை பற்றியெல்லாம் ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். படிப்பைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. டிகிரி முடித்தவர்கள்தானே, படிக்கவா தெரியாது என்ற தைரியம். எனக்கும் இருந்தது.

என் பாடம் வளர்ச்சியியல் (டெவலப்மெண்ட் ஸ்டடீஸ்). முதல் எஸ்ஸேயின் தலைப்பு, நுண்கடன், அதாவது ஏழைகளுக்குக் கொடுக்கும் சின்னச் சின்னக் கடன், வறுமையைக் குறைக்கிறதா என்பது. அம்மாவே சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதியவர், நமக்குத் தெரியாததா என்று ஒரே ராத்திரியில் இரண்டாயிரம் வார்த்தை எழுதித் தள்ளினேன். பங்களாதேஷில் நுண்கடன் கொடுக்கும் கிராமின் வங்கி, அதைத் தொடங்கிய யூனுஸ், இருவருக்கும் கிடைத்த 2006 அமைதி நோபல் எல்லாம் வரிசையாக வந்தன. கிடைத்தது 54. இங்கே மாஸ்டர்ஸில் பொதுவாக 50 பாஸ், 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். (ஊரில் வாங்கிய 90-ஐ மறந்துவிடுங்கள். இங்கே 72 வாங்கியவன் ட்ரீட் வைப்பான்.) ஓரத்தில் ட்யூட்டர் எழுதியிருந்தது ஒரே வரிதான்: விவரிப்பு இருக்கிறது, அலசல் இல்லை.

அதற்கு என்ன அர்த்தம் என்று புரியவே ஒரு மாதம் ஆனது. நான் எழுதிய ஒரு பத்தியையே காட்டுகிறேன். பிட், கந்த்கர் இருவரும் 1998-ல் வெளியிட்ட பங்களாதேஷ் ஆய்வு. பெண்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு 100 டாக்கா (அந்த ஊர்ப் பணம்) கடனுக்கும் குடும்பத்தின் ஆண்டு நுகர்வு, அதாவது செலவு, 18 டாக்கா கூடியது, ஆண்களுக்குக் கொடுத்தால் 11 என்றார்கள். நான் அந்த 18-ஐ எடுத்து வைத்தேன், "ஆகவே நுண்கடன் நல்லது" என்று முடித்தேன், அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

நின்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது: கடன் வாங்கியவரும் வாங்காதவரும் முதலிலேயே ஒரே மாதிரி ஆட்களா? கடை போடும் துணிச்சல் உள்ளவர்தானே கடன் கேட்டுப் போவார்? ஆய்வாளர்களுக்கும் அது தெரியும். அரை ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தால் கடன் கிடையாது என்ற விதியை வைத்து, கடன் வாங்கத் தகுதி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டு அதைச் சரிக்கட்டப் பார்த்தார்கள். அது போதுமா என்பதில்தான் சண்டையே. ரூட்மன், மோர்டக் என்ற வேறு இரண்டு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டு, கடனால்தான் நுகர்வு கூடியது என்று அதை வைத்து நிறுவ முடியாது என்றார்கள். அப்புறம் ஹைதராபாத்தில் பொருளாதார ஆய்வாளர்கள் பானர்ஜி, டுஃப்லோ குழு 104 குடியிருப்புகளில் 52-ஐக் குலுக்கிப்போட்டுத் தேர்ந்து, அங்கே மட்டும் முதலில் கடன் கிளையைத் திறக்க வைத்துப் பார்த்தது. 2015-ல் வெளியான முடிவு: தொழில் முதலீடு கூடியது, ஆனால் குடும்பச் செலவு சொல்லும்படி உயரவில்லை, வீட்டில் பெண்ணின் நிலையிலும் மாற்றம் தெரியவில்லை.

இந்த மூன்றையும் மோதவிட்டு, நான் எதை ஏன் நம்புகிறேன் என்று எழுதியிருந்தால் அதுதான் அலசல். "பெரிய ஆய்வாளரைக் குறை சொல்ல நான் யார்?" என்று நமக்குள் ஒரு கூச்சம் இருக்கும். இங்கே அந்தக் கூச்சத்துக்கு மார்க் கிடையாது. புரொபசரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் முதல் செமஸ்டர் முழுக்க "சார்" போட்டு மெயில் அனுப்பினேன், அவர் பாவம் ஒவ்வொரு முறையும் தன் பெயரைச் சொல்லி முடித்தார்.

எதிர்த்தரப்பை எப்படிப் பிடிப்பது? ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒரு கட்டுரையைத் தேடினால் அதன் கீழேயே 'சைட்டட் பை' என்று ஒரு எண் இருக்கும். அதை அழுத்தினால் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகள் வரும், திட்டியவையும் அதில் இருக்கும். ரூட்மன் கட்டுரை எனக்கு அப்படித்தான் கிடைத்தது, என்ன, மார்க் வந்த பிறகு. கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசிவரை படிக்காதீர்கள். சுருக்கம், முடிவுரை, அப்புறம் நேராக ஆய்வுமுறை. எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை பேர், எனக்கு என்ன சந்தேகம் என்று ஒரு எக்செல் ஷீட்டில் போட்டு வையுங்கள். சந்தேகக் கட்டம் காலியாக இருந்தால் நீங்கள் இன்னும் படிக்கவில்லை.

ரெஃபரன்ஸைச் சேர்த்து வைத்துப் பட்டியல் போட ஜோட்டீரோ என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது, இலவசம். சாட்பாட்டிடம் ரெஃபரன்ஸ் கேட்டு அப்படியே ஒட்டாதீர்கள், இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் தரும். காப்பியைப் பிடிக்க எஸ்ஸேயில் ஒத்த வரிகளைத் தேடும் சாஃப்ட்வேரான டர்னிடின் காட்டும் சதவீதத்தைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், உங்கள் ரெஃபரன்ஸ் பட்டியலைக்கூட அது ஒத்த வரிகளாக எண்ணலாம்.

அப்புறம், லைப்ரரியில் உங்கள் பாடத்துக்கென்று ஒரு லைப்ரரியன் இருப்பார். தலைப்பைக் கொண்டுபோய் வைத்தால் உட்கார்ந்து தேடக் கற்றுத் தருவார், காசு கேட்க மாட்டார். நான் போனது மார்ச்சில். நீங்கள் இந்த வாரமே ஸ்லாட் போடுங்கள், டெட்லைன் நெருங்கினால் கிடைக்காது.