பழைய மாளிகை, குடும்ப ரகசியம்: கடைசியில் ஒரு நாட்குறிப்பு கிடைத்தால் போதுமா?

தாழ்வாரம்:

நேற்று ராத்திரி ஒரு சஸ்பென்ஸ் நாவலை முடித்தேன். பெயர் வேண்டாம், இன்னும் படிக்காதவர்கள் இருப்பீர்கள். பாட்டி இறந்த பிறகு பேத்தி பழைய மாளிகைக்கு வருகிறாள், மேல்மாடியில் ஓர் அறை பூட்டியே கிடக்கிறது, சித்தப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். முதல் 200 பக்கம் கீழே வைக்க மனசு வரவில்லை. அப்புறம் கடைசி 30 பக்கத்தில் அலமாரியிலிருந்து ஒரு நாட்குறிப்பு விழுகிறது, பாட்டி எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள், கதை முடிந்தது.

ரகசியம் பலமானதுதான், அதில் குறை இல்லை. ஆனாலும் ஏமாந்த மாதிரி இருந்தது. முடிவைப் பாதியிலேயே ஊகித்துவிட்ட நாவல்கள்கூட எனக்கு இப்படிக் கசந்ததில்லை. அப்படியென்றால் இங்கே எதுதான் குறைகிறது? இந்த வகைக் கதைகளை நிறையப் படித்தவர்கள் சொல்லுங்களேன்.

சாவிக்கொத்து:

எனக்கு உடனே தோன்றிய கேள்வி: அத்தனை வருஷம் அந்த ரகசியத்தைக் காப்பாற்றியது யார், எப்படி? ஒரு வீட்டில் ரகசியம் தானாகக் கிடக்காது. அதற்காகத் தினமும் யாராவது பாடுபட வேண்டும். தட்டு எடுத்துப்போக வேண்டும், துணி அலச வேண்டும், விருந்தாளியை வேறு பக்கமாக அழைத்துப்போக வேண்டும், குழந்தை கேட்டால் சொல்ல ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். இந்த வேலையை நாம் கண்ணால் பார்த்திருந்தால்தான் கடைசியில் உண்மை தெரியும்போது மனசு அதிரும்.

(இனி வருவதில் 'ஜேன் அயர்' கதையின் முடிச்சு இருக்கிறது, படிக்காதவர்கள் தாண்டிவிடுங்கள்.)

1847இல் வந்த நாவல். மூன்றாவது மாடியில் எசமானரின் மனைவி அடைபட்டிருக்கிறாள், அது நமக்குத் தெரியாது. ஆனால் கிரேஸ் பூல் என்ற வேலைக்காரியைத் தெரியும். கையில் தட்டோ கிண்ணமோ ஏந்திக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வருவாள், சமையலறைக்குப் போவாள், கொஞ்ச நேரத்தில் ஒரு குவளை பீருடன் திரும்பி ஏறுவாள். ஓர் இடத்தில் மற்ற வேலைக்காரர்கள் சம்பளம் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், கிரேஸ் வாங்குவதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தனக்கு வருவதில்லை என்கிறாள் ஒருத்தி. தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஐந்து மடங்குக்கு மேல் சம்பளமா? ஜேன் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. பாருங்கள், எதையும் ஒளித்துவைக்கவில்லை, எல்லாம் நம் முன்னாலேயே நடந்தது. உங்கள் நாவலில் பாட்டி பூட்டிய அறைக்காக ஒரு நாளாவது ஏதாவது செய்தாளா?

நிலைக்கதவு:

சாவிக்கொத்து சொன்னது ஆட்களைப் பற்றி. நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். பல நாவல்களில் மாளிகை என்றால் ஒட்டடை, கிறீச்சிடும் கதவு, மின்னல், இவ்வளவுதான். படித்து முடித்தபின் அந்த வீட்டை ஒரு தாளில் வரையச் சொன்னால் நம்மால் முடியாது. வரைய முடியாத வீட்டில் ரகசிய அறை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஸ்காட்லாந்தில் கிளாமிஸ் கோட்டையைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. உள்ளே மறைவான அறை ஒன்று உண்டென்று கேள்விப்பட்ட விருந்தாளிகள், கண்ணில் பட்ட எல்லா அறை ஜன்னல்களிலும் ஒவ்வொரு துண்டைத் தொங்கவிட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார்களாம். துண்டு இல்லாத ஜன்னல்களும் இருந்தனவாம். வெறும் வாய்வழிக் கதைதான், ஆனால் ஒரு நல்ல சஸ்பென்ஸ் நாவலுக்கு வேண்டியது அத்தனையும் அந்தத் துண்டுகளில் இருக்கிறது, ஏனென்றால் வாசகனும் கூடவே நின்று எண்ணலாம்.

நிஜத்திலும் இப்படிக் கட்டியிருக்கிறார்கள். கத்தோலிக்கக் குருமாரை வேட்டையாடிய காலத்து இங்கிலாந்தில் நிக்கோலஸ் ஓவன் என்ற தச்சர் வீடு வீடாகப் போய் ஒளிவிடம் அமைத்தார். வீட்டு வேலைக்காரர்களுக்குக்கூடத் தெரியாதபடி ராத்திரியில் தனியாக வேலை செய்வார். 1606இல் லண்டன் டவர் சிறையில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார், ஒளிவிடம் ஒன்றைக்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் காலத்து வீடான ஹார்விங்டன் ஹாலில் இன்றும் ஒன்றைப் பார்க்கலாம்: சுவரோடு சுவராக நிற்கும் மரத்தூண், தள்ளினால் கீலில் சுழன்று ஆள் நுழையும் அளவுக்கு வழிவிடும். எழுதுகிறவர் அந்தத் தூணை 20ஆம் பக்கத்தில் சும்மா ஒரு தூணாகக் காட்டிவிட்டு 250ஆம் பக்கத்தில் தள்ளவைத்தால் யாருக்கும் கோபம் வராது.

மறுவாசிப்பு:

நாட்குறிப்பின் மேல் பழி போடாதீர்கள். இந்த வகையே பழைய காகிதத்தில்தான் தொடங்கியது. 1764இல் 'ஒட்ரான்டோ கோட்டை' நாவல் வந்தபோது, எங்கோ கிடைத்த பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று சொல்லித்தான் வெளியிட்டார்கள். தானே எழுதியது என்று அதன் ஆசிரியர் ஹொரேஸ் வால்போல் ஒப்புக்கொண்டது அடுத்த பதிப்பில்தான்.

என் பார்வையில் கோளாறு வேறு. உங்கள் நாவலில் அந்த நாட்குறிப்பு யாருக்கும் ஆபத்தாக இல்லை. 'வெள்ளை உடைப் பெண்' (1859–60இல் தொடராக வந்தது) நாவலில் மேரியன் நாட்குறிப்பு எழுதுகிறாள். காய்ச்சலில் விழுகிறாள், எழுத்து பாதியில் நிற்கிறது. அடுத்த பக்கத்தில் வேறொருவரின் எழுத்து! அவளுடைய எதிரியான ஃபாஸ்கோ பிரபு மொத்தத்தையும் படித்துவிட்டு, அவளைப் பாராட்டி அதிலேயே எழுதிவைக்கிறான். அதைப் படித்தபோது என் கை குளிர்ந்துபோனது, இன்றைக்கும் அந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் நிதானித்துத்தான் புரட்டுவேன்.

ஊகித்துவிட்டாலும் கசக்காத நாவல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 'ரெபெக்கா'வில் (1938) மொத்தம் 27 அத்தியாயம், கணவன் உண்மையைக் கொட்டுவது 20ஆவது அத்தியாயத்தை ஒட்டி. அதற்குப் பிறகுதான் பதற்றம் கூடுகிறது, ஏனென்றால் இப்போது அவனுடைய புது மனைவியும் ரகசியத்தைச் சுமக்கிறாள். 'என்ன நடந்தது' போய் 'தெரிந்துகொண்டவள் என்ன செய்வாள்' வந்துவிடுகிறது.

தாழ்வாரம்:

மூவருக்கும் நன்றி. காலையில் நாவலை மறுபடி எடுத்து, பாட்டி வருகிற பக்கங்களை மட்டும் புரட்டினேன். அறைக்காக அவள் எதுவுமே செய்யவில்லை, பூட்டின் பக்கம்கூடப் போகவில்லை. நாட்குறிப்பு இருந்த அலமாரிக்குப் பூட்டே இல்லை! அதிலிருந்துதான் பேத்தி இரண்டு தடவை போர்வை எடுக்கிறாள்.

ஒரே ஒரு இடம் மட்டும் உறுத்துகிறது. 41ஆம் பக்கத்தில் சமையற்காரர் ஒரு தட்டு அதிகமாக எடுத்துவைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பி அடுக்குகிறார். அதற்கப்புறம் அவர் கதையிலேயே இல்லை. எழுதியவருக்கு அந்தத் தட்டு ஞாபகம் இருந்திருந்தால் நாட்குறிப்பே தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன். 'வெள்ளை உடைப் பெண்' இன்று தொடங்குகிறேன்.