சாவி காருக்குள்ளேயே இருக்கிறது, கார் ‘சாவி இல்லை’ என்கிறது: உதவி தேவை

ஓஎம்ஆர்வாசி (திங்கள், காலை 8.52)

அனைவருக்கும் வணக்கம். அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களாக ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ‘சாவி கண்டறியப்படவில்லை’ என்று திரையில் வருகிறது. சாவியோ கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. இன்று நான்கு முறை அழுத்திய பிறகே வண்டி கிளம்பியது. பேட்டரி மாற்றியும் பயனில்லை. சர்வீஸ் சென்டரில் சாவியையே மாற்ற வேண்டும், 15,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா?

பழைய கார்புரேட்டர் (காலை 9.20)

எந்தப் பேட்டரியை மாற்றினீர்கள் என்று சொல்லவில்லையே, தம்பி. வண்டியின் 12 வோல்ட் பேட்டரியா, சாவிக்குள் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியா? சாவியுடையது என்றால் எங்கே வாங்கினீர்கள்? பெட்டிக்கடையில் அட்டையில் தொங்கும் பேட்டரிகளில் பாதி, வாங்கும்போதே உயிர்போனவை என்பது என் அனுபவம். மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டாவிட்டால் தூக்கி எறியுங்கள். என் பேரனின் காருக்கும் இதேதான் நடந்தது.

ஸ்கார்பரோச் சிவா (காலை 9.41)

என்ன வாகனம், எந்த ஆண்டு, இரவில் எங்கே நிறுத்துகிறீர்கள் என்ற விவரங்கள் இல்லாமல் பதில் சொல்வது கடினம். ஆனாலும் எச்சரிக்கை செய்வது என் கடமை. இங்கே கனடாவில் எங்கள் தெருவிலேயே இரண்டு வாகனங்கள் களவு போயின. ஒருவன் வீட்டு வாசலில் ஆன்டெனாவோடு நிற்பான், மற்றவன் வாகனத்தடியில் நிற்பான். வீட்டுக்குள் மேசையில் கிடக்கும் திறப்பு வாகனத்தின் பக்கத்தில் இருப்பதுபோல் இருவருமாக அலையைக் கடத்துவார்கள். கண்ணாடி உடையாது, சத்தம் வராது. உங்கள் வாகனத்தை யாரோ குறிவைத்து அலைகளைக் குழப்புகிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. திறப்பை உடனே ஒரு தகரப் பெட்டிக்குள் வையுங்கள்.

அலைவரிசை அன்பன் (காலை 10.15)

இந்த இழையில் எழுதிய எவரும் ஸ்மார்ட் கீ எப்படி இயங்குகிறது என்று அறிந்து எழுதியதாகத் தெரியவில்லை. பலமுறை விளக்கியிருக்கிறேன், தேடிப் படிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். கார்தான் முதலில் பேசுகிறது. கதவுக் கைப்பிடியிலும் உள்ளேயும் பதித்த ஆன்டெனாக்கள் வழியே ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸில் ‘யாரங்கே’ என்று கேட்கிறது. அந்தக் குரல் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போகாது. அதைக் கேட்ட சாவி, இங்குள்ள பெரும்பாலான கார்களில், 433 மெகாஹெர்ட்ஸில் விடை சொல்கிறது. விடையை வேறோர் ஓசை மூழ்கடித்தால் காருக்குச் சாவி இல்லைதான்.

2019இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், நார்த் ஓல்ம்ஸ்டெட் என்ற ஊரின் ஒரு பகுதி முழுவதும் கார் சாவிகளும் கராஜ் ரிமோட்டுகளும் வாரக்கணக்கில் செயலிழந்தன. தேடிப் போனால், ஒரு வீட்டில் ஒருவர் தம் கையால் செய்துவைத்த கருவி, அந்நாட்டுச் சாவிகள் பேசும் 315 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் அலை பரப்பிக்கொண்டிருந்தது. அது செய்யும் தொல்லை அவருக்கே தெரியாது. உங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்திலும் மலிவான ரிமோட் கேட்டோ வயர்லெஸ் அழைப்புமணியோ இருக்கும். அதைத் தேடுங்கள்.

கோவை ஒயர்மேன் (காலை 11.02)

ஐயா, சாவியை மாற்றுவதற்குமுன் சில கேள்விகளுக்கு விடை சொல்லுங்கள். கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கிறதா? தூரத்திலிருந்து லாக் பட்டனை அழுத்தினால் வேலைசெய்கிறதா? இரண்டாவது சாவியிலும் இதே சிக்கலா? செய்தி வரும் நேரத்தில் சாவி எங்கே, கைப்பேசி எங்கே? வண்டி வாங்கிய பிறகு வெளியில் எதையாவது பொருத்தினீர்களா?

ஓஎம்ஆர்வாசி (திங்கள், இரவு 9.30)

தாமதத்துக்கு மன்னிக்கவும். 2022இல் வாங்கிய சிறிய எஸ்யூவி. மாற்றியது சாவியின் பேட்டரிதான், நல்ல கடையில் வாங்கியது. கதவு ஒருநாளும் திறக்காமல் இருந்ததில்லை, லாக் பட்டனும் சரியாக உள்ளது. இரண்டாவது சாவி ஊரில் அப்பாவிடம் இருக்கிறது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் பெரும்பாலும் இந்தத் தொல்லை. மாலையில் அலுவலகத்தில் வருவதில்லை. சீட் கவரையும் கால்மிதியையும் தவிர எதையும் பொருத்தவில்லை.

அலைவரிசை அன்பன் (இரவு 9.44)

வீட்டில் வருகிறது, அலுவலகத்தில் வரவில்லை. நான் சொன்னதற்கு வேறு சான்று வேண்டுமா? கீழ்த்தளம்தான் குற்றவாளி.

கோவை ஒயர்மேன் (இரவு 10.05)

அப்படி முடிவுகட்ட முடியாது, ஐயா. அதே கீழ்த்தளத்தில், அதே நிமிடத்தில், கைப்பிடி கேட்ட கேள்விக்குச் சாவி 433இல் விடை சொல்லித்தானே கதவு திறந்தது? எனவே சாவியும் அதன் பேட்டரியும் விடையை வாங்கும் ரிசீவரும் நன்றாகவே இருக்கின்றன. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்த பிறகு, உள்ளிருக்கும் ஆன்டெனா கேட்கும் கேள்விதான் சாவியின் காதில் விழவில்லை. கைப்பேசி எங்கே இருந்தது என்பதற்கு இன்னும் விடை வரவில்லை.

பழைய கார்புரேட்டர் (செவ்வாய், காலை 6.10)

இதற்குத்தான் சொல்கிறேன், திருகும் சாவிக்கு ஈடில்லை. என் 1998 மாடல் வண்டி இதுவரை என்னை அடையாளம் தெரியாது என்று சொன்னதில்லை, திருடுபோனதும் இல்லை.

ஸ்கார்பரோச் சிவா (செவ்வாய், காலை 6.48)

அண்ணே, அதை ஏற்க முடியாது. அமெரிக்காவில் 2021க்குப் பிறகு காணொளி பார்த்துச் சிறுவர்கள் யுஎஸ்பி கம்பியின் முனையால் களவெடுத்த ஹூண்டாய், கியா வாகனங்கள் திருகும் திறப்பு கொண்டவையே. அவற்றில் இம்மொபிலைசர் (சரியான திறப்பை அடையாளம் காணாமல் எஞ்சினை இயங்க விடாத மின்னணுப் பூட்டு) இல்லை. கனடாவில் 2007இலிருந்து புதிய வாகனங்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம் என்பதால் அந்த வித்தை இங்கே எடுபடவில்லை. களவுக்குக் காரணம் பட்டன் அல்ல, உள்ளே இருக்கும் பூட்டின் தரம்.

அலைவரிசை அன்பன் (செவ்வாய், காலை 7.30)

தரத்தைப் பற்றி நீங்கள் பேசுவது வியப்பளிக்கிறது. அலையைக் கடத்தும் முறையில் ரகசியக் குறியீட்டை எவனும் உடைப்பதில்லை. சாவி உண்மையான விடையைத்தான் சொல்கிறது, தூரம்தான் பொய். ஜூரிக் நகரின் இடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களைச் சோதித்தபோது பத்துமே ஏமாந்தன. விடை வர எடுக்கும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணிக்கும் அல்ட்ரா வைட்பேண்ட் சாவிகள் வந்த பிறகே இதற்கு முறையான மருந்து கிடைத்தது; அதற்குமுன், சற்றுநேரம் அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும் சாவிகளைச் சில நிறுவனங்கள் தந்தன. உங்கள் தகரப் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் அது வெறும் முறுக்கு டப்பா.

ஸ்கார்பரோச் சிவா (செவ்வாய், காலை 7.52)

பெட்டிக்குள் திறப்பை வைத்துக்கொண்டு வாகனத்தின் பக்கத்தில் நின்று கைப்பிடியைத் தொட்டேன், திறக்கவில்லை. எனக்கு அந்தச் சோதனை போதும். மேலும், உங்கள் புதிய சாவி வந்தாலும் முன்விளக்கைக் கழற்றி அதன் பின்னால் இருக்கும் கம்பிகள் வழியே பொய்க்கட்டளை அனுப்புகிறவனை அது தடுக்காது. லண்டனில் அப்படிப் போன ஒரு டொயோட்டாவைப் பற்றி 2023இல் விரிவாகவே எழுதினார்கள். அங்கே திறப்புக்கு வேலையே இல்லை.

பழைய கார்புரேட்டர் (செவ்வாய், காலை 8.05)

திறப்பு, திறப்பு என்று எழுதுவது சாவியைத்தானே? கதவைத் திறப்பதைச் சொல்கிறீர்கள் என்று நினைத்து இரண்டு பதிவுகளைத் தவறாகப் படித்துவிட்டேன்.

ஓஎம்ஆர்வாசி (செவ்வாய், பிற்பகல் 1.15)

ஒயர்மேன் ஐயா, கைப்பேசியைக் காலையில் ஏறியவுடன் சார்ஜிங் பேடில் வைத்துவிடுவேன், சாவியை அதை ஒட்டிய கப் ஹோல்டரில் போடுவேன். மாலையில் பேசிக்கொண்டே கிளம்புவதால் கைப்பேசி கையிலும் சாவி பேண்ட் பாக்கெட்டிலும் இருக்கும். அந்த வயர்லெஸ் பேட் இரண்டு மாதத்துக்கு முன் அக்சஸரீஸ் கடையில் போட்டது. சார்ஜர்தானே என்று அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

கோவை ஒயர்மேன் (செவ்வாய், பிற்பகல் 2.40)

இரண்டு மாதத்துக்கு முன் போட்டது, சில வாரங்களாகத் தொல்லை. இதை நேற்றே சொல்லியிருந்தால் நேற்றே முடிந்திருக்கும்.

வயர்லெஸ் சார்ஜர்கள் பொதுவாக 100 முதல் 205 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள காந்த அலையில்தான் கைப்பேசிக்கு மின்சாரம் தருகின்றன. கார் சாவியைக் கூப்பிடும் 125 அதற்கு நடுவில் வருகிறது. பேட் இரைந்துகொண்டிருக்க, ஒரு சாண் தள்ளிக் கிடக்கும் சாவிக்குக் காரின் மெல்லிய குரல் எப்படிக் கேட்கும்? கம்பெனியே பொருத்தும் பல பேடுகள், கார் சாவியைத் தேடும் அந்தச் சில நொடிகளுக்குச் சார்ஜ் செய்வதை நிறுத்திக்கொள்ளும். கடையில் போடும் பேடுக்குக் கார் எப்போது தேடுகிறது என்று தெரியாது. ஸ்டார்ட் செய்யும் முன்பே உங்கள் பேடில் விளக்கு எரிந்தால், எந்நேரமும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸிலிருந்து ஒயரை இழுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பேடின் இணைப்பைக் கழற்றிவிட்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். இடையில் மறுபடி வந்தால் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். பல கார்களில், சாவியின் பேட்டரி முற்றிலும் தீர்ந்தாலும், அதனுள் இருக்கும் சில்லை அவ்வளவு நெருக்கத்தில் கார் படித்துவிடும். உங்கள் காரில் எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். சாவிக்கு 15,000 கொடுக்க வேண்டாம்.

ஓஎம்ஆர்வாசி (சனி, காலை 10.20)

கழற்றி நான்கு நாள் ஆகிறது. ஒருமுறைகூட வரவில்லை. மிக்க நன்றி.

அலைவரிசை அன்பன் (சனி, காலை 10.31)

அலைக் குறுக்கீடு என்று முதலில் சொன்னவன் நான்தான் என்பதைப் பதிவு செய்கிறேன். அலைவரிசை மட்டுமே வேறு.

பழைய கார்புரேட்டர் (சனி, காலை 10.58)

இடமும் வேறு, கருவியும் வேறு. அழைப்புமணியைத் தேடி அந்தத் தம்பி கீழ்த்தளத்தில் டார்ச் அடிக்காமல் தப்பினார்.

கோவை ஒயர்மேன் (சனி, பிற்பகல் 12.15)

பேடை மீண்டும் போடுவதென்றால் எந்த ஃபியூஸுக்கு மாற்றினீர்கள் என்று எழுதுங்கள், ஐயா. வண்டி கிளம்பிய பிறகு மட்டும் உயிர்பெறும் ஃபியூஸாக இருந்தால் காலைத் தொல்லை தீரும். ஆனால் வண்டி கிளம்பிய பிறகும், கதவைத் திறந்து மூடும்போது பல கார்கள் சாவியைத் தேடும் என்பதால், கப் ஹோல்டரில் சாவியைப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஸ்கார்பரோச் சிவா (ஞாயிறு, காலை 7.05)

அவர் இனி வரமாட்டார் போலிருக்கிறது. எனக்கும் இதேபோன்ற பேட் ஒன்று உண்டு. சென்ற வாரம் ஒருமுறை திறப்பு இல்லை என்று வந்தது. கள்வர்களின் வேலை என்று எண்ணிக் காவல்துறைக்கே தொலைபேசி எடுத்துவிட்டேன்.