‘யூசபிள் மெமரி’: பயன்படு நினைவகமா, புழங்கு நினைவகமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கணினித் திரையில் வரும் சொற்களைத் தமிழாக்கும் நம் குழுவில், ‘யூசபிள்’, ‘ரிசர்வ்டு’ ஆகியவற்றோடு பேசிய ‘மெமரி லிமிட்’ என்பதற்கு ‘நினைவக வரம்பு’ என்று எழுதிவிடலாம் எனப் போன வாரம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நானும் மறுத்து எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்றால் இப்போது மறுக்கிறேன்.

என் அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டிலிருந்த பழைய மேசைக் கணினியைத் தானே திறந்து, இருந்த 2 ஜிபி ராமுக்குப் பக்கத்தில் இன்னொரு 2 ஜிபியைச் செருகியிருக்கிறாள். திரையில் 4 வரும் என்று பார்த்தால் 3.25தான் வந்தது. வாங்கிய கடையில் கேட்டதற்கு, “இது பழுது, மாற்றித் தருகிறேன்” என்று வேறொன்றைக் கொடுத்து, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். புதியதைச் செருகினாலும் அதே 3.25. மறுபடியும் கடைக்குக் கிளம்பியவளை நிறுத்திவிட்டு நான் உட்கார்ந்து பார்த்தேன்.

விண்டோஸ் 7, 32 பிட். சிஸ்டம் பக்கத்தில் ‘இன்ஸ்டால்டு மெமரி 4.00 ஜிபி’ என்றும், அருகிலேயே அடைப்புக்குறிக்குள் ‘3.25 ஜிபி யூசபிள்’ என்றும் எழுதியிருந்தது. நினைவகம் எப்படிச் செலவாகிறது என்று காட்டும் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பகுதிக்குப் போனேன். நீளமான பட்டையின் இடது ஓரத்தில் சாம்பல் நிறத் துண்டு ஒன்று. அதன் பெயர் ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’, அளவு ஏறத்தாழ 768 எம்பி. காணாமல் போன முக்கால் ஜிபி அங்கே உட்கார்ந்திருந்தது.

ராமில் பழுதே இல்லை என்று விளக்கினேன். இதற்குத் தமிழில் ‘நினைவக வரம்பு’ என்று பெயர் வைக்கப்போகிறோம் என்றும் சொன்னேன். அவள் உடனே கேட்டாள்: “சித்தப்பா, ராம் நன்றாகத்தானே இருக்கிறது? அப்புறம் ஏன் நினைவகத்தின் மேல் வரம்பைச் சுமத்துகிறீர்கள்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நாம் தேர்ந்த சொல் தவறான இடத்தைச் சுட்டுகிறது. கடைக்காரர் சுட்டியதும் அதே தவறான இடத்தைத்தான்.

தட்டுப்பாடு நினைவகத்துக்கு இல்லை, முகவரிக்கு. ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவிலக்கம் வேண்டும். 32 பிட்டில் எழுதக்கூடிய கதவிலக்கங்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதாவது 4 ஜிபி. ஆனால் இலக்கம் கேட்பது ராம் மட்டும் இல்லை. வரைகலை அட்டை, வலையமைப்பு அட்டை, பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) எழுதப்பட்ட சில்லு ஆகியவற்றோடு நுண்செயலி பேசுவதும் இதே இலக்கங்கள் வழியாகத்தான். 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே மேல்கோடியில் இருக்கும் இலக்கங்களை அவை எடுத்துக்கொள்கின்றன. அந்த இலக்கங்களுக்கு நேரே விழுந்த ராம், தாய்ப்பலகையில் பத்திரமாக இருக்கிறது. அதைக் கூப்பிடப் பெயர் இல்லை, அவ்வளவே. (‘பிராசஸர்’ என்பதை நுண்செயலி என்றே எழுதுகிறேன். ‘செயலி’ கைபேசிக்குப் போய்விட்டது, இனித் திரும்பாது.)

இது புதிய சங்கதியும் இல்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 சில்லுக்கு 20 பிட் முகவரி, ஆகவே 1024 கேபி. அதில் மேல் 384 கேபியைத் திரைக்கும் பிற சாதனங்களுக்கும் விட்டுவிட்டு, நிரல்களுக்கு 640 கேபியைக் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் பயனர்களைப் படுத்திய 640 கேபி இப்படித்தான் பிறந்தது. 3.25 ஜிபியின் கதையும் அதே கதை.

அதனால் ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைப்பதை முதலில் நிறுத்துவோம். இங்கே மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன.

முகவரியின் அகலத்தால் வருவது ஒன்று. இதை ‘முகவரி எல்லை’ என்று சொல்லலாம். அந்த எல்லைக்குள்ளேயே சாதனங்கள் எடுத்துக்கொள்ளும் இலக்கங்கள் இன்னொன்று. மூன்றாவது, இயங்குதளத்தை விற்பவர் பதிப்புக்குப் பதிப்பு வைக்கும் அளவு. விண்டோஸ் 7-இன் 64 பிட் ஹோம் பேசிக் 8 ஜிபியோடு நிற்கும். ஹோம் பிரீமியம் 16 ஜிபியோடு நிற்கும். புரொபஷனல் 192 ஜிபி வரை போகும். மூன்றும் ஓடுவது ஒரே கணினியில்தான். இதைச் சில்லு தீர்மானிக்கவில்லை, விலைப்பட்டியல் தீர்மானிக்கிறது. இன்னும் தெளிவான சான்று வேண்டுமா? 1995-இல் வந்த பென்டியம் புரோவிலிருந்தே 36 பிட் மெய்முகவரி (‘பிசிகல் அட்ரஸ்’) இருக்கிறது, அதில் 64 ஜிபி வரை எட்டலாம். விண்டோஸ் சர்வர் 2008 என்டர்பிரைஸ் 32 பிட்டிலேயே அந்த 64 ஜிபியையும் எடுத்துக்கொள்ளும். அதே கருவில் (‘கெர்னல்’) ஓடும் விஸ்டா 32 பிட்டோ 4 ஜிபிக்கு மேலே இருக்கும் எதையும் தொடாது. நீண்ட முகவரியைத் தாங்காத சாதன இயக்கிகள் வீட்டுக் கணினிகளில் மிகுதி என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காரணம் நியாயமானதாகவே இருக்கட்டும், அது மனிதர் எடுத்த முடிவு.

இங்கேதான் ‘எல்லை’யும் ‘வரம்பு’ம் நமக்குக் கைகொடுக்கின்றன. இரண்டும் ஒன்றுதானே, எதையாவது எழுதுங்கள் என்று கோவை நண்பர் சொன்னதை நான் ஏற்கவில்லை. வரம்பு என்பது வயலின் வரப்பு. மண்ணை அணைத்து ஒருவர் போட்டது, தேவைப்பட்டால் வெட்டி விடலாம், உயர்த்தவும் செய்யலாம். ஊர் எல்லையை அப்படி ஒரு மண்வெட்டியால் நகர்த்த முடியாது. சில்லின் முகவரி அகலத்தோடு முடிவது எல்லை. இயங்குதளம் நடுவில் போடுவது வரம்பு. ஆகவே ‘முகவரி எல்லை’, ‘பதிப்பு வரம்பு’. லினக்ஸில் ஒரு நிரல் இவ்வளவுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று நாமே வைப்பதும் வரம்புதான். இந்த வேறுபாட்டை எல்லா ஆவணங்களிலும் கடைப்பிடித்தால், பயனருக்குத் தன் சிக்கல் தீரக்கூடியதா இல்லையா என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

இனி ‘யூசபிள்’. பெரும்பாலோர் ‘பயன்படுத்தக்கூடிய நினைவகம்’ என்கிறீர்கள். பொருள் சரி. ஆனால் திரையில் அந்தச் சொல்லுக்குக் கிடைக்கும் இடம் ஒரு விரல் அகலம். பாதியில் வெட்டுப்பட்டு ‘பயன்படுத்தக்...’ என்று நிற்கும். ‘பயன்படு நினைவகம்’ என்று வினைத்தொகையாக்கலாம் என்றவர்களுக்கு, வினைத்தொகையில் காலம் மறைந்திருப்பதால் ‘பயன்பட்ட நினைவகம்’ என்றும் படிக்கலாமே என்று மறுப்பு வந்தது. இந்த மறுப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடிநீரைக் குடித்து முடித்த நீர் என்று யாரும் படிப்பதில்லை. விளைநிலம் இந்தப் போகம் தரிசாகக் கிடந்தாலும் விளைநிலம்தான். ‘இதற்கு ஆகும்’ என்ற பொருளை வினைத்தொகை காலங்காலமாகச் சுமந்துவருகிறது. ஆங்கிலப் பின்னொட்டு ஒவ்வொன்றுக்கும் ‘கூடிய’ என்று ஒட்டும் பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடமிருந்து வந்தது.

எனக்குப் ‘பயன்படு’வில் வேறு குறை தெரிகிறது. பயன் என்றால் பலன். மீதி முக்கால் ஜிபி பயனற்றது என்ற எண்ணத்தை அது தருகிறது. அந்த இலக்கங்கள் இல்லாவிட்டால் திரையில் படமே வராதே!

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய ஆசிரியை ‘பாவனை நினைவகம்’ என்றார். அங்கே பாவிப்பது என்றால் பயன்படுத்துவது, அன்றாடப் பேச்சு. தமிழ்நாட்டில் பாவனை என்றால் நடிப்பு என்றே முதலில் தோன்றும், பொய்யான நினைவகம் என்று எடுத்துக்கொள்வார்கள். அவருடைய மாணவர்கள் ‘பணிசெயல் முறைமை’ என்று படிப்பதை நாம் ‘இயங்குதளம்’ என்கிறோம். அந்தப் பிளவையே இன்னும் ஆற்ற முடியவில்லை, புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டாம்.

என் பரிந்துரை ‘புழங்கு நினைவகம்’.

“சாமான்கள் அடைத்துக்கொண்டு வீட்டில் புழங்க இடமில்லை” என்று சொல்கிறோம். இடம் இருக்கிறது, சுவர்கள் அதே இடத்தில்தான் நிற்கின்றன, ஆனால் நடமாட வழியில்லை. இந்தக் கணினியில் நடந்ததும் அச்சு அசலாக அதுவே. ‘புழங்குபொருள்’ என்ற சொல் நாட்டார் வழக்காற்றியலில் ஏற்கெனவே வேரூன்றியிருப்பதால் வடிவமும் நமக்குப் புதிதில்லை. ‘புழக்கத்திலுள்ள பணம்’ போல இப்போது பயன்பாட்டில் இருக்கும் நினைவகம் என்று தோன்றாதா என்று கேட்பீர்கள். தோன்றலாம். அதனால் ‘இன் யூஸ்’ வரும் இடத்தில் புழக்கம் என்ற சொல்லைத் தொடாமல் ‘பயன்பாட்டில்’ என்றே எழுதுவோம். இரண்டுக்கும் இரண்டு சொற்கள் இருப்பதால் குழப்பம் தங்காது.

கடைசியாக ‘ரிசர்வ்டு’. ‘ஒதுக்கிய’ என்று போடவே கூடாது. நினைவகத்தை நிரலுக்குக் கொடுப்பதை, ‘அலொகேஷ’னை, நாம் பல ஆண்டுகளாக ‘ஒதுக்கீடு’ என்று எழுதிவருகிறோம். கேட்டவருக்குக் கொடுப்பதும் யாருக்கும் கொடுக்காமல் வைப்பதும் ஒரே சொல்லில் அடங்கினால் பயனர் என்ன செய்வார்? வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா ‘புறம்போக்கு’ என்று எழுதியபோது பலர் தயங்கினீர்கள். பொருள் பொருத்தத்தில் அதை வெல்லும் சொல் இல்லை என்பதே என் எண்ணம். பட்டா கொடுக்காமல், பாதைக்கும் ஏரிக்கும் பொதுவில் விட்ட நிலம் அது. சாதன முகவரிகளின் நிலையும் அதுதான். ஆனால் நகரத்தில் அது வசைச்சொல்லாகிவிட்டது. ஒரு பள்ளி மாணவியின் திரையில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை, ஐயா மன்னிக்க வேண்டும். காட்டோரப் பலகைகளில் ‘காப்புக்காடு’ என்று பார்த்திருப்பீர்கள். அந்தக் காப்பை எடுத்துக்கொண்டு ‘காப்பு முகவரி’ என்கிறேன். ‘காப்பு நினைவகம்’ என்று எழுத வேண்டாம். காக்கப்படுவது முகவரி. தவிர, நினைவகத்தோடு சேர்த்தால் காப்புநகல் (‘பேக்கப்’) நினைவுக்கு வந்துவிடும்.

லினக்ஸ் தொடங்கும்போது ஓடும் வரிகளில், பயாஸ் கொடுக்கும் முகவரிப் பட்டியல் ஒன்று வரும். பெரும்பாலான வரிகளின் முடிவில் ‘யூசபிள்’ அல்லது ‘ரிசர்வ்டு’ என்று இருக்கும். அந்த வரிகளுக்கு இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ‘புழங்கு’, ‘காப்பு’ என்று ஒன்றின் கீழ் ஒன்றாகக் கச்சிதமாக நின்றன. விண்டோஸின் அந்த வரி இப்படி வரும்: ‘பொருத்திய நினைவகம் 4.00 ஜிபி (புழங்கு 3.25 ஜிபி)’.

பின்னர் அண்ணன் மகளின் கணினியில் 64 பிட் பதிப்பை நிறுவி, பயாஸில் நினைவக மறு இருத்தலை (‘மெமரி ரீமேப்’) இயக்கினோம். மேலே தள்ளப்பட்ட ராமுக்குப் புது இலக்கம் கிடைத்து 3.87 வந்தது. மீதியைப் பலகையிலேயே இருக்கும் வரைகலைச் சில்லு வைத்திருக்கிறது. இந்தத் தடவை அவள் கடையைப் பற்றிப் பேசவில்லை, “காப்பு போக மீதி புழங்குகிறது” என்றாள்.

‘புழங்கு’ ஈழத்துப் பேச்சில் எப்படி ஒலிக்கிறது என்பதை ஆசிரியை அம்மா தெரிவித்தால், வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.