1994: பாதியில் நின்ற பேஸ்பால் சீசன். நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

என் கதையை முதலில் சொல்கிறேன். மொன்றியலுக்கு வந்து இரண்டு வருடம். ஒரு றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுகிற வேலை. ஜூன் 27 பின்னேரம் அங்கிருந்த கியூபெக் சமையற்காரர் ஒரு டிக்கெட்டை நீட்டி, "வா" என்றார். மொன்றியலின் எக்ஸ்போஸ் அணிக்கும் அமெரிக்காவின் அட்லாண்டா அணிக்கும் பேஸ்பால் ஆட்டம். ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் 45 ஆயிரத்துக்கும் மேல் சனம்.

ஊரில் எல்லே என்கிற இலங்கை விளையாட்டை விளையாடியவன் என்பதால் பாதி தானாகவே விளங்கியது. மூங்கில் தடிக்குப் பதில் மட்டை, அடித்ததும் ஓட்டம். மீதியைச் சமையற்காரர் கையைக் காலை ஆட்டி விளக்கினார். எதிரணிக்குப் பந்து போட்டவர் கிரெக் மேடக்ஸ், அந்தக் காலத்தில் அவரை அடிப்பது லேசில்லை. எங்கள் பக்கம் 21 வயதுப் பொடியன் கிளிஃப் ஃபிளாய்ட். அவன் தூக்கியடித்த பந்து சுவருக்கு அப்பால் போய் விழுந்தது, மூன்று ஓட்டம். சனம் இருக்கைகளைப் படபடவென்று தட்டிய சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

அப்புறம் எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. இலையுதிர் காலத்தில் ஊருக்கு ஒரு கோப்பை வரப்போகிறது என்று சொல்லிச் சொல்லியே கோப்பை கழுவினேன். ஓகஸ்ட் 12இல் வேலைநிறுத்தம். முதலாளிமார் சம்பளத்துக்கு உச்சவரம்பு கேட்டார்கள், வீரர்கள் மறுத்தார்கள். அன்று எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வி. மொத்த லீக்கிலும் அதைவிட நல்ல கணக்கு எவருக்கும் இல்லை. செப்டம்பர் 14இல் வேர்ல்ட் சீரிஸும், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடரும், ரத்து. இரண்டு உலகப் போரிலும் நிற்காத தொடர் அது!

*

நான் அப்போது சான் டியேகோவில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாட்ரேஸ் அணியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, 47 வெற்றி, 70 தோல்வி. ஆனாலும் ஆட்டத்துக்குப் போவோம், டோனி க்வின் ஒருவருக்காக. அவர் அடிப்பதில் அலட்டலே இருக்காது. இரண்டு ஃபீல்டர்களுக்கு நடுவே இருக்கிற சந்தில் பந்தை அனுப்பிவிட்டு நிதானமாக ஓடுவார்.

வேலைநிறுத்தம் வந்தபோது அவர் சராசரி, அதாவது மட்டை பிடித்த முறைகளில் எத்தனை பங்கு நல்ல அடி என்ற கணக்கு, .394. டெட் வில்லியம்ஸ் 1941இல் .406 எடுத்த பிறகு அமெரிக்கன், நேஷனல் லீக் இரண்டிலும் நானூறை, அதாவது .400ஐ, யாரும் தொட்டதில்லை. 419 முறையில் 165 அடி. அந்த 165, 168ஆக இருந்திருந்தால் நானூறைத் தாண்டியிருப்பார். மூன்றே மூன்று அடி! அறைத்தோழனோடு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு இதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறோம். மிச்ச ஆட்டங்கள் நடந்திருந்தால் சராசரி இறங்கியும் இருக்கலாம் என்பான் அவன். சரி, இருக்கலாம். அதையாவது பார்க்க விட்டிருக்கலாமே.

*

முதலில் எழுதிய அண்ணருக்கு: நானும் மொன்றியல்தான், ஆனால் நான் பார்த்தது எக்ஸ்போஸ் மொன்றியலில் ஆடிய கடைசி ஆட்டம். 2004 செப்டம்பர் 29. அடுத்த வருடம் அணி வாஷிங்டனுக்குப் போவதாக அன்றுதான் அறிவித்திருந்தார்கள். 31 ஆயிரம் பேர் வந்தோம், 9-1 என்று தோற்றோம். 1994இல் சிறந்த அணி நாங்கள்தான் என்று ஒரு பதாகையைத் திறந்து வைத்தார்கள். பக்கத்தில் இருந்த வயதானவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

அந்தப் பதாகையை நான் போய்ப் பார்க்கவில்லை தம்பி. 1995 ஏப்ரலில், ஒரே கிழமைக்குள், கென் ஹில், வெட்லாண்ட், கிரிசம், லாரி வோக்கர் என்று எங்கள் முக்கிய வீரர்கள் நான்கு பேரும் வேறு அணிகளுக்குப் போனபோதே எனக்கு விட்டுப்போயிற்று. காசு மிச்சம் பிடிக்கிறார்களாம். சமையற்காரர் மட்டும் விடவில்லை. 2004 ஒக்டோபரில் பொஸ்டன் அணி வேர்ல்ட் சீரிஸை வென்ற இரவு ஃபோன் அடித்தார். 94இல் எங்களுக்குப் பந்து போட்ட பெட்ரோ மார்ட்டினெஸ் அப்போது பொஸ்டனில். "பெட்ரோவைப் பார்த்தாயா?" என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டுக் கனநேரம் லைனிலேயே இருந்தார்.